கப்லானின் இடுப்பு

அத்தியாயம் 14

கப்லான் ஒரே உந்தில் எழுந்து நின்றதைப் பார்த்ததும் நுர்கெல்தி கையிலிருந்த தேநீரைத் தன் சட்டைக்கே ஊற்றிக்கொண்டார்.

சுட்டது. ஆனாலும் சிரித்தார்.

“சுல்குன்! ஓடி வா! நின்னுட்டான்!”

“நாய் நிக்கிறதுக்கா இந்தக் கூப்பாடு?” ரொட்டி அடுப்புப் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது. “உங்க பையன் நடக்கப் பழகினப்போ தூங்கிட்டிருந்தீங்க.”

அவளுக்கென்ன தெரியும்? ஒரு மாதமாக அந்த நாய் எழுந்திருப்பதைப் பார்க்கப் பொறுமை வேண்டியிருந்தது. முதலில் முன்னங்கால்கள் எழும். பின்பாதி தரையிலேயே உட்கார்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அக்டோபர் கடைசிக் குளிரில் அந்த யோசனை கால் மணி நேரம்கூட ஓடும். எழுந்த பிறகும் முதல் பத்து அடி, காலில் முள் குத்தியவன் நடை.

இத்தனைக்கும் கப்லான் கிழவன் இல்லை. பதினாறு மாதம்தான். ஓநாய்க்கு எதிரே நிற்பதற்கென்றே பிறந்த ஆலாபாய் இனம். எடை எழுபத்திரண்டு கிலோ.

காரணம் சமையலறை ஜன்னலில், உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகச் செருகியிருந்தது. போன மாதம் அண்ணன் மகள் ஒகுல்கெரெக் மாரி நகரத்திலிருந்து எடுத்துவந்து, குடும்பத்தையே இரண்டாகக் கிழித்துப் போட்டாளே, அதே எக்ஸ்ரே. இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உருண்டையாக உட்கார வேண்டிய தொடை எலும்பு, தட்டில் வைத்த உருண்டை போல நழுவிக்கொண்டிருந்தது. ஓரங்களில் எலும்பு தேய்ந்து சொரசொரவென்று வேறு ஆகியிருந்தது.

“மூட்டுவாதம் ஆரம்பிச்சாச்சு,” என்றாள் அவள். “பிறவியிலயே கொஞ்சம் தளர்ச்சி இருந்திருக்கும். மீதியை நாமதான் செஞ்சோம்.”

நாம் என்று அவள் சொன்னது மரியாதைக்காக. செய்தது அவளுடைய அப்பா, அமான்துர்தி. குடும்பத்தின் மூத்தவர். மாவட்டத்திலேயே பெரிய நாய் தன் வீட்டில்தான் நிற்க வேண்டும் என்று குட்டிக்கு ஆட்டுவால் கொழுப்பாக ஊட்டினார். எலும்பு வலுக்கட்டும் என்று சுண்ணாம்புச் சத்துப் பொடியை அள்ளி அள்ளிப் போட்டார். ஏழாவது மாதத்தில் கழுத்தில் லாரி டயரைக் கட்டி, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிட்டார். எலும்பு வளரும் வேகம் ஒன்று, உடம்பு ஏறும் வேகம் வேறு.

தண்ணீர் லாரி ஓட்டும் நுர்கெல்தி அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று, “அடேயப்பா, என்ன கழுத்து!” என்று தட்டிக்கொடுத்தவர். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இப்போது வைத்தியம் முழுவதும் அவர் தலையில். சாப்பாடு அளந்து இரண்டு வேளை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்வரை இளைக்க வேண்டும். சிமெண்டுத் தரை கூடாது, கம்பளிப் பாய்தான். குதிக்கக் கூடாது. தினமும் இருபது நிமிடம் வாய்க்காலில் நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும். உடம்பைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், தசை மட்டும் வலுக்கும். நாயின் நெஞ்சளவு என்றால் நுர்கெல்திக்குத் தொடையளவு. ஊரே கரையில் நின்று, யார் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேட்டது. அவர் தொப்பையையும் அவர் முட்டியையும் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

ஆனால் நாலைந்து நாளாகக் கப்லானின் நடை தெளிந்துவிட்டது. இன்றைக்குப் பார், எழுந்தே நின்றுவிட்டான்!

“தண்ணி வேலை செய்யுது,” என்று, ஓநாய் கவ்வாமலிருக்கக் குட்டியிலேயே நறுக்கிவிட்ட நாயின் காதருகே சொன்னார். “நீயும் நானும் யாருன்னு ஊருக்குக் காட்டறோம்.”

அப்போதுதான் முற்றத்தின் மறுபக்கம் திரும்பினார். அண்ணன் கையில் துடைப்பம்.

அறுபது வயதில் அமான்துர்தி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். மணலை மூலைவரை சீராக, ஒரு கால்தடமும் இல்லாமல்.

“அண்ணே, குடுங்க. நான் கூட்டறேன்.”

“போடா. சம்பந்தி மத்தியானம் வர்றாரு. வீடு வீடா இருக்கட்டும்.”

சம்பந்தி என்றதும் நுர்கெல்தியின் சிரிப்பு அடங்கியது. பெயர் போலாத். காராகும் பாலைவனத்தில் ஆட்டு மந்தை வைத்திருப்பவர். நுர்கெல்தியின் மகன் தொவ்ரானுக்கு அவர் பெண்ணைத்தான் நிச்சயம் செய்திருந்தது. ஆலாபாயை விற்கிற பழக்கமும் வாங்குகிற பழக்கமும் இந்தப் பக்கம் கிடையாது. மதிப்பு வைத்தவருக்குக் கொடுப்பார்கள். நிச்சயத்தன்று, நாற்பது பேர் முன்னால், அமான்துர்தி எழுந்து சொல்லிவிட்டார்: “கப்லான் உங்களுக்கு.” எக்ஸ்ரே வருவதற்கு நாலு மாதம் முன்பு. கொடுத்த நாயைத் திருப்பிக் கேட்பதைவிடப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது கௌரவம் என்று நினைக்கிற ஊர் அது.

“அண்ணே, அவர்கிட்ட இடுப்பு விஷயத்தை…”

“எந்த இடுப்பு? உன் இடுப்பா? நாய் எப்படி நிக்குது பாரு.”

 அண்ணன் எதிரே நுர்கெல்தியின் குரல் உயராது. ஐம்பத்தொரு வருடப் பழக்கம்.

அடக்கிய கோபத்தில் முட்டி விண்ணென்று தெறித்தது. உள்ளே போய் மாத்திரைப் பெட்டியைத் திறந்தார். ஒன்றுதான் இருந்தது.

எண்ணிச் சாப்பிடும் பழக்கம் அவருக்கு ரொட்டியிலும் இல்லை, மாத்திரையிலும் இல்லை. ஆனால் பெட்டி போன வாரம் வாங்கியது.

“சுல்குன், என் முட்டி மாத்திரையை எடுத்தியா?”

“எனக்கு இருக்கிற வலிக்கு மாத்திரை இன்னும் கண்டுபிடிக்கல. பேரு நுர்கெல்தி.”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, வலியே அறியாதவனாய் நின்றுகொண்டிருந்த நாயைப் பார்த்தார். மறுபடி முற்றத்துக்கு வந்தார்.

துடைப்பம் ஓரமாகச் சாய்ந்திருந்தது. அண்ணன் விரலில் ஆட்டுக்கொழுப்பு பளபளத்தது.

“மாத்திரை குடுத்தீங்களா?”

“கொழுப்பு உருண்டையில வச்சுக் குடுத்தேன். ரெண்டே ரெண்டு. இன்னிக்குக் காலையில.” அமான்துர்தி கொஞ்சமும் அசரவில்லை. “உன் முட்டிக்கு நல்லது, அவன் முட்டிக்குக் கெட்டதா? நாய் வலியில துடிச்சா உனக்குச் சந்தோஷமா?”

“பெட்டியில ஒண்ணுதான் மிச்சம் இருக்கு அண்ணே.”

“உன் வாய்க்குக் கணக்கு உண்டாடா?”

அது உண்மையாகவும் இருந்தது. அதுதான் எரிச்சல்.

கொல்லைப் பக்கம் போய் ஒகுல்கெரெக்குக்குப் போன் செய்தார். நாலாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அடுத்ததாவது பையனாக வரட்டும் என்று ‘மகன் தேவை’ எனப் பொருள்படும் அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் அவளுடைய அப்பா. மகன் வரவில்லை. தேவைப்படாதவள் மாவட்டக் கால்நடை மருத்துவமனையில் டாக்டராகிவிட்டாள். வீட்டில் மட்டும் இன்னமும் ‘மாட்டு டாக்டர்’.

“என்னது!” போனைக் காதிலிருந்து எட்டப் பிடிக்க வேண்டியிருந்தது. “மனுஷ மாத்திரை நாய்க்கு விஷம் சித்தப்பா! வயித்துல ஓட்டை போட்டுடும். சிறுநீரகம் போயிடும். படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? எத்தனை?”

“ரெண்டுன்னு சொல்றாரு.”

“சொல்றாரா, நீங்க பார்த்தீங்களா?”

“…சொல்றாரு.”

“கறுப்பா வெளிக்குப் போனானா?”

“பார்க்கல.”

“வேற எதைத்தான் பார்த்தீங்க? ஓட விடாதீங்க. குதிக்க விடாதீங்க. வலி தெரியாததால என்ன வேணா செய்வான். வர்றேன்.”

அவளுக்கு முன்னால் போலாத் வந்துவிட்டார்.

பழைய ரஷ்ய லாரி, பின்னால் ஆட்டு வாடை. இறங்கியவர் உயரமில்லை. வெயிலில் காய்ந்த முகம். அதிகம் பேசமாட்டார். முற்றத்து மணலை ஒருமுறை பார்த்தார். நாயை ஒருமுறை பார்த்தார். தேநீருக்கு உட்கார்ந்தார்.

சுல்குன் முக்காட்டின் நுனியைப் பல்லில் கவ்வியபடி பரிமாறினாள். கணவனின் அண்ணன் எதிரே மருமகள் பேசக் கூடாது. பல்லுக்கு இடையில் துணி இருப்பது அதற்காகத்தான். இருபத்துநாலு வருடத்தில் அவள் அமான்துர்தியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவசியமானால் பாத்திரத்திடம் பேசுவாள்.

“ஏ கெண்டியே,” என்று துணிக்குள்ளிருந்து முணுமுணுத்தாள் இப்போது. “சில பேருக்குத் தேநீர்ல சர்க்கரை போதாது. மனசாட்சியும் ரெண்டு கரண்டி போடணும்.”

அமான்துர்தி காதில் விழாதவர் போல இருமினார்.

“ஓநாய் இந்த வருஷம் எப்படி சம்பந்தி?”

“நிறைய,” என்றார் போலாத். “ரெண்டு நாயைப் பறிகொடுத்தேன்.”

“இனிமே கவலை விடுங்க. இவன் ஒருத்தன் பத்துக்குச் சமம். எழுந்திருங்க, காட்டறேன்.” அமான்துர்தி முற்றத்தில் இறங்கி லாரியின் பின்பலகையை ஓங்கித் தட்டினார். அவர் நெஞ்சளவு உயரம். “கப்லான்! ஏறு!”

நாய் காதில்லாத தலையை நிமிர்த்தியது. கண்ணில் என்ன ஒரு சந்தோஷம்! ஒரு மாதமாகக் குதிக்காத குட்டி. பின்னங்காலை மடக்கியது.

நுர்கெல்தி ஓடினார். ஓடினார் என்றால், தொப்பை முன்னால் போக மீதி பின்னால் வந்து சேர்ந்தது. நாய்க்கும் லாரிக்கும் நடுவே கையை விரித்து நின்றார். எழுபத்திரண்டு கிலோ நெஞ்சில் மோதியது. இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள்.

“என்னடா பண்றே?” அமான்துர்தியின் முகம் கறுத்தது. “விருந்தாளி முன்னால!”

“ஏற மாட்டான்.”

“நகரு.”

“நகர மாட்டேன்!”

குரல் சுவரில் பட்டுத் திரும்பிய பிறகுதான் அது தன் குரல் என்று நுர்கெல்திக்குத் தெரிந்தது. வந்துவிட்டதைத் திருப்பி வாங்க முடியாது. மீதியும் வரட்டும்.

“நீங்க சொன்னா ஏறுவான். என் மாத்திரையைத் தின்னுட்டு நிக்கிறான், ஏறாம என்ன? இறங்கும்போது மூட்டு கழண்டா யாரு மாட்டறது? நீங்களா? குட்டி கழுத்துல டயரைக் கட்டினீங்க, வாயைத் திறக்கல. கொழுப்பா ஊட்டினீங்க, திறக்கல. கூட நின்னு கைதட்டினேன், வெக்கம் கெட்டவன். வலி தெரிஞ்சா அவன் தானா உட்கார்ந்துடுவான் அண்ணே. அந்த வலியையும் திருடிட்டீங்களே! நாலு நாள்ல அவர் மந்தைக்குப் பின்னால நடந்து, இடுப்பு விட்டுப்போய், நடு மணல்ல படுத்துக்குவான். உங்களுக்கென்ன? நாற்பது பேர் முன்னால சொன்ன வாய் பத்திரமா இருக்கும்!”

போலாத் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கியது. “சம்பந்தி, இந்த நாய்க்கு இடுப்பு மூட்டு கெட்டுப்போச்சு. ஒரு மாசமாத் தெரியும். உங்ககிட்ட மறைச்சோம்.”

எங்கோ ஓர் ஒட்டகம் கத்தியது. அமான்துர்தி தம்பியை அடிக்கக் கை ஓங்கவில்லை, ஓங்கியிருந்தால் தேவலை.

போலாத் கிண்ணத்தில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்து முடித்தார்.

“தெரியும்,” என்றார்.

“…எப்படி?”

“வரும்போது வாய்க்கால்கிட்ட வண்டிக்குத் தண்ணி ஊத்த நிறுத்தினேன். கரைச் சேத்துல காய்ஞ்சுபோன பழைய தடம் இருந்தது. இவ்வளவு பெரிய பாதம் இந்த ஊர்ல வேற யாருக்கு? பின்னங்கால் ரெண்டும் சேர்ந்தே விழுந்திருக்கு, முயலாட்டம். நகம் மண்ணை இழுத்திருக்கு. இங்க வந்தா முற்றத்துல ஒரு தடம் இல்ல. கூட்டினவங்க வாய்க்காலை மறந்துட்டாங்க.” அவர் முதன்முறையாக அமான்துர்தியை நேராகப் பார்த்தார். “யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பீங்களான்னு பார்க்கத்தான் மூணு கிண்ணம் குடிச்சேன். நொண்டி நாய்னு சொல்லிக் குடுத்திருந்தா, வாசல்ல கட்டி வச்சுச் சோறு போட்டிருப்பேன். சொல்லாம குடுத்தா, ஓநாய்க்கு முன்னாலதான் விட்டிருப்பேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது அவன் உயிரு.”

“வார்த்தை குடுத்துட்டேன்யா!” அமான்துர்தி வெடித்தார். “குடுத்ததை எப்படித் திருப்பி வாங்கறது? நீங்க திருப்பி வாங்குவீங்களா?”

“பொய்யோட சேர்த்துக் குடுக்க மாட்டேன்.”

வாசலில் பருத்தி டிராக்டர் வந்து நின்றது. தொற்றிக்கொண்டு வந்த ஒகுல்கெரெக் பையோடு குதித்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக நாயிடம் வந்தாள்.

அவள் வந்த நேரமா, லாரியில் குதிக்கப் போய் விழுந்ததா தெரியாது. கப்லான் தலையைத் தாழ்த்தினான். விலா இழுத்தது. ஒருமுறை, இருமுறை. பிறகு மணலில் வாந்தி எடுத்தான். ஊறிப்போன தேயிலைத் தூள் மாதிரி கரும்பழுப்பாக.

ஒகுல்கெரெக் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்திருந்தது.

“இது ரத்தம்,” என்றாள். எழுந்து அப்பா எதிரே நின்றாள். “எத்தனை மாத்திரை? எப்பலேந்து?”

“ரெண்டு. இன்னிக்குத்தான். உன் சித்தப்பாகிட்டயே சொன்னேனே.”

“ரெண்டுக்கு இப்படி வராது. எனக்குச் சரியான எண்ணிக்கை வேணும். மருந்து அதை வச்சுத்தான் குடுக்கணும்.”

“ரெண்டுன்னா ரெண்டு! மாட்டு டாக்டர் எனக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டாம்.”

“பொய்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

சுல்குன் நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டின் நுனி பல்லிலிருந்து விழுந்து தோளில் தொங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கெண்டியை அல்ல.

“பொய் பெரியவரே. வியாழக்கிழமைலேந்து. தினம் விடிகாலையில கொழுப்பு உருண்டை ரெண்டு. அடுப்பு மூட்டும்போது நான் பார்த்தேன். வெறும் கொழுப்புன்னு நினைச்சுட்டேன்.” அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். “யார்கிட்டயும் சொல்லல. ஏன்னா நானும் அவனுக்குத் திருட்டுத்தனமா ரொட்டி போட்டுட்டிருந்தேன். இளைச்சுப்போன நாய் வாசல்ல நின்னா, இந்த வீட்ல சோறு இல்லன்னு ஊர் பேசும்னு. எல்லாருமா சேர்ந்துதான் இவனைக் கொல்றோம். நீங்க எண்ணிக்கையையாவது உண்மையாச் சொல்லுங்க!”

அமான்துர்தியின் வாய் திறந்தது. 

“பத்து,” என்றார் கடைசியில். தரையைப் பார்த்து.

வியாழக்கிழமை. நுர்கெல்தி விரல் விட்டார். கப்லானின் நடை தெளியத் தொடங்கியதும் வியாழக்கிழமைதான். தண்ணி வேலை செய்யுது, ஊருக்குக் காட்டறோம்! வாய்க்காலில் நனைந்த கால்சட்டையோடு இந்த ஐந்து நாளும் தான் நடந்த பெருமித நடையை நினைத்ததும், அண்ணனை விட்டுவிட்டுத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதற்கு நேரமில்லை.

“மருத்துவமனைக்குப் போகணும். நாப்பது நிமிஷம்,” என்றாள் ஒகுல்கெரெக். “நரம்புல திரவம் ஏத்தணும். வயித்துப் புண்ணுக்கு மருந்து அங்கதான் இருக்கு. நடக்க விடாதீங்க, தூக்குங்க.”

போலாத் பின்பலகையைத் திறந்தார். கம்பளிப் பாயின் நாலு மூலையை நாலு பேர் பிடித்தார்கள். கப்லான் எதிர்க்கவில்லை. சற்று முன் குதிக்கத் துடித்த லாரியில் சுமையாக ஏறினான். ஒகுல்கெரெக் தாவி ஏறி அவன் தலையருகே மண்டியிட்டாள்.

அமான்துர்தியும் பலகையில் காலை வைத்தார்.

“நீங்க இறங்குங்கப்பா.”

“நான் வளர்த்த நாய்டீ!”

“அதனாலதான் சொல்றேன். இறங்குங்க.”

அவர் இறங்கினார். சுத்தமாகக் கூட்டிய முற்றத்தில் தனியாக நின்றார். சுல்குன் அவரைக் கடந்து, வாந்தியின் மேல் மண் அள்ளிப் போட்டாள். முக்காட்டை எடுத்துப் பல்லில் வைக்கவில்லை.

நுர்கெல்தி முன்னால் போலாத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். லாரி வாய்க்காலைத் தாண்டி, பருத்தி வயல்களைத் தாண்டி, தார்ச்சாலையில் ஏறியது. போலாத் வேகமாகத்தான் ஓட்டினார். 

“உங்க சம்சாரம் நல்ல மனுஷி,” என்றார் திடீரென்று.

“ஆமா.”

“நீங்களும் கடைசியில பேசிட்டீங்க. அது சரி.” கியரை மாற்றினார். “ஒண்ணு கேக்கணும் சம்பந்தி. என் பொண்ணு அங்க வாழ வரப்போறா. நாயை மாத்திரை குடுத்து நிக்க வச்சீங்க. மாப்பிள்ளையையும் அப்படித்தான் நிக்க வச்சீங்களா?”

சேச்சே என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். சிரித்திருக்கவாவது வேண்டும். ஒரு மின்கம்பம் போனது. இன்னொன்றும் போனது.

தொவ்ரான் பட்டாளத்திலிருந்து ஏழு மாதம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டது ஏன் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். தொவ்ரானுக்கு, நுர்கெல்திக்கு, அமான்துர்திக்கு. வெளியில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது அண்ணன். சரி என்று தலையாட்டியது யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது கம்பமும் போனது. போலாத்தின் கால் மெல்ல மெல்ல ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது. லாரியின் இரைச்சல் தணிந்தது.

பின்னாலிருந்து ஒகுல்கெரெக் கூரையை ஓங்கி ஓங்கி அறைந்தாள். “ஏன் மெதுவாப் போறீங்க? இவன் போயிடுவான்! போங்க!”

“போறேம்மா,” என்றார் போலாத். கண் நுர்கெல்தியின் முகத்தை விட்டு நகரவில்லை. “உன் சித்தப்பாவைச் சீக்கிரம் பதில் சொல்லச் சொல்லு.”